சரணடைந்தோரும் கையேற்றோரும்

கொட்டாஞ்சேனையில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கு ஒருநாள் வரலாற்றாசிரியர் வரவில்லை. அவருடைய பத்தாந்தர வகுப்பைத் தமிழாசிரியனாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள். 1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையை ஆங்கிலேயரிடம் கையளித்துச் சரணடைந்த செய்தியே அன்றைய பாடம். ஆண்டையும் தளபதிகளின் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

“சேர், சரணடைஞ்ச ஒல்லாந்தருக்குப் பிறகு என்ன நடந்தது?”

“பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்” என்றேன்.

“ஒருத்தரும் காணாமல் போகேல்லையோ?”

வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அவளுடைய குடும்பம் வன்னியிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் அறிவர். அவளுடைய தாய்மாமன் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர் என்பதை நான் பின்னரே அறிந்தேன். அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. சரணடைதல் என்றால் என்ன, சரணடைந்தவனுக்கு உரிமை ஏதும் உண்டா, அவனைக் கையேற்றவனுக்குக் கடமை ஏதும் உண்டா என்னும் வினாக்களுக்கு அந்தப் பிள்ளைக்கு விளங்கும்படி விடை கூறவேண்டியவனாயினேன். அந்த முயற்சியின் பயனே இக்கட்டுரை.

முதலிற் சொல்லை நோக்குவோம். சரண் என்பது வடமொழி வழி வந்த சொல். புகலிடம் என்பது அதன் பொருள். எனவே சரணடைதல் என்பது புகலிடம் ஒன்றை அடைதலாகும். வைணவர் போற்றும் சரணாகதியிலும், பௌத்தர் மும்மணிகளைச் சரணடைவதிலும் இப்பொருளே நிலைத்திருக்கிறது. இராமனிடம் வந்த வீடணனைத் தோற்றவன் என்று எவரும் கூறுவதில்லை. அவன் வந்த கணத்திலிருந்து அவனைக் காக்கும் பொறுப்பு இராமனுடையதாயிற்று என்பதே அக்கதையின் உயிர்.

இதற்கு நிகராகத் தமிழில் வழங்கும் சொல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அது பெயராயிற்று. கவுந்தியடிகள் மதுரையின் புறஞ்சேரியில் கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்கு யாதொரு பங்குமில்லை. ஆயினும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டோரைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீயிற் புகுந்தாள் எனக் காப்பியம் கூறுகிறது. அரசனுடைய தவற்றுக்கு அரசன் உயிர் துறந்ததை நாம் மேடைதோறும் பேசுகின்றோம். கையேற்ற கடமைக்காக உயிர் துறந்த மோர் விற்கும் ஏழைப் பெண்ணை ஏனோ மறந்துவிடுகின்றோம்.

நாம் வாழும் கொழும்பில் அன்றாடம் காதில் விழும் சிங்களத்திலும் இதற்கு இரு சொற்கள் உள்ளன. ‘யடத் வீம’ என்பது ஒருவனுக்குக் கீழ்ப்படுதல். ‘பார வீம’ என்பது ஒருவனுடைய பொறுப்பிலே தன்னை ஒப்படைத்தல். இரண்டாவது சொல்லில் உள்ள பாரம் நமக்கும் உரியதே. ‘பிள்ளையைப் பாரங் கொடுத்துவிட்டு வந்தேன்’ என்று நம் தாய்மார் கூறுவதில்லையா? பாரம் என்றால் சுமை. சுமை இறக்கியவனுக்கு உரியதன்று, ஏற்றவனுக்கு உரியது. இரு மொழி மக்களும் இவ்வுண்மையை ஒரே சொல்லில் வைத்துப் போற்றி வந்திருக்கிறார்கள்.

ஐரோப்பியர் கோட்டைகளைக் கையளித்தபோது வழங்கிய சொல்லோ ‘கப்பிட்டுலேஷன்’. உறுப்புரை, அத்தியாயம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. கோட்டை இன்னின்ன நிபந்தனைகளின்படி கையளிக்கப்படுகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டு எழுதி இருதரப்பும் ஒப்பமிட்ட ஆவணத்துக்கு அது பெயர். ஆகவே நம்முடைய சொல் அறத்தைக் கூறுகிறது. அவர்களுடைய சொல் எழுத்தைக் கூறுகிறது. அறமும் எழுத்தும் எங்கே சேர்ந்திருந்தன, எங்கே பிரிந்தன என்பதைக் கொழும்பின் வரலாறு நமக்குக் காட்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது நடந்தால் நீதிமன்றங்கள் நிறைந்த மேடு வருகிறது. நாம் அதனைப் புதுக்கடை என்கிறோம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஹல்ஸ்டோப். ஜெராட் ஹுல்ப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் வந்தது அது. போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்பை முற்றுகையிட்ட படைக்குத் தலைமை வகித்த அவர், 1656ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆந் திகதி குண்டுபட்டு இறந்தார். ஒரு மாதத்தின் பின் மே 12ஆந் திகதி கோட்டை சரணடைந்தது. எந்தச் சரணுக்காகப் போரிட்டாரோ அதனைக் காணாது மாண்டவரின் பெயரைத் தாங்கிய மேட்டிலேதான், இன்று குற்றஞ்சாட்டப்பட்டோர் வந்து சரணடைகின்றனர்.

அந்த முற்றுகை ஏறக்குறைய 7 மாதம் நீடித்தது. கோட்டைக்குள் பஞ்சமும் நோயும் மலிந்தன. உணவு குறைந்தபோது படைக்கலம் ஏந்தாத ஏழை மக்கள் வெளியே துரத்தப்பட்டனர். முற்றுகையிட்டோரும் அவர்களை ஏற்கவில்லை. கோட்டையில் உண்ணும் வாய்கள் மிகுந்தால் அது விரைவில் வீழும் என்பது அவர்கள் கணக்கு. இரு படைகளுக்கும் இடையே கிடந்து மடிந்த அம்மக்கள் எவரிடம் சரணடைவது? சரணடைவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. கையிலே துவக்கு இருந்தவனுக்கே அத்தகுதி கிட்டிற்று.

ஈற்றில் போர்த்துக்கேயத் தளபதி அந்தோனியோ த சூசா கூட்டிஞ்ஞோ நிபந்தனைகளுடன் கோட்டையைக் கையளித்தார். எஞ்சிய போர்வீரர் படைமரியாதையுடன் வெளியேறினர். அவர்கள் 73 பேர் மட்டுமே என்று, அவர்களுள் ஒருவராயிருந்து பின்னர் நூல் எழுதிய ரிபெய்ரோ குறிக்கிறார். குருமாருக்கும் மணமுடித்துக் குடியிருந்தோருக்கும் பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டது. ஒல்லாந்தரின் நண்பனாய்ப் போரிட்ட கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கோ கோட்டைக் கதவு திறக்கப்படவில்லை. பகைவனுக்கு எழுதிக் கொடுத்த வாக்குக் காக்கப்பட்டது. நண்பனுக்குக் கொடுத்த வாக்குக் காற்றில் விடப்பட்டது. பகைவன் ஐரோப்பியன், நண்பன் இந்நாட்டவன் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாண்டின் பின் இன்னுமொரு செய்தி. 1658ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஒல்லாந்தர் பிறப்பித்த கட்டளையின்படி, கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில் இடங் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அடைக்கலம் தருதல் அறமென்று வாழ்ந்த மக்களுக்கு அடைக்கலம் தருதலே குற்றமென்று கூறிற்று புதிய ஆட்சி. ஆயினும் குருமார் மறைந்து வந்தனர். மக்கள் மறைத்துக் காத்தனர். கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் 1806ஆம் ஆண்டிலேதான் நீங்கின. கொட்டாஞ்சேனையில் இன்று வானளாவி நிற்கும் புனித லூசியாள் பேராலயத்தின் மணியொலியைக் கேட்கும்போதெல்லாம், அக்காலத்தில் கதவைத் திறந்துவிட்ட பெயரறியாத ஏழைகளின் நினைவு எனக்கு வருவதுண்டு.

இனி, வகுப்பறையில் எழுந்த வினாவுக்கு வருவோம். 1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்திற் புகுந்தது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒல்லாந்து இளவரசர் ஐந்தாம் வில்லியம், ஒல்லாந்தக் குடியேற்றங்களில் ஆங்கிலப் படையை அனுமதிக்குமாறு அங்கிருந்தே மடல் எழுதினார். அவ்வாண்டு ஓகஸ்ற் 26ஆந் திகதி திருகோணமலையும், செப்ரெம்பர் 28ஆந் திகதி யாழ்ப்பாணமும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. கொழும்பில் ஒல்லாந்தரிடம் கூலிப்படையாயிருந்த டி மெயுரோன் சுவிஸ் படைப்பிரிவை ஆங்கிலேயர் விலை பேசித் தம் பக்கம் இழுத்துக்கொண்டனர். ஆளுநர் வான் அங்கெல்பீக் 1796 பெப்ரவரி 15ஆந் திகதி நிபந்தனைப் பத்திரத்துக்கு இசைந்தார். மறுநாள் ஆங்கிலக் கொடி ஏறியது. கொழும்புக் கோட்டையில் பெரும்போர் எதுவும் நடைபெறவில்லை.

அப்பத்திரத்தில் என்ன இருந்தது? ஒல்லாந்தரின் தனிச்சொத்துக்குப் பாதுகாப்பு இருந்தது. ஒல்லாந்தக் கம்பனி வெளியிட்ட கடன்பத்திரங்களுக்கு 50,000 பவுண் வரையில் ஆங்கிலேயர் பொறுப்பேற்றனர். வீரர் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். எவரும் அவர்களைச் சுட்டுக்கொல்லவில்லை. தங்க விரும்பியோர் தங்கினர். 1799 செப்ரெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனத்தின் மூலம், ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய சட்டங்களே தொடருமென ஆங்கிலேயர் அறிவித்தனர். இன்றும் நம் நீதிமன்றங்களில் உரோமன் ஒல்லாந்தச் சட்டம் வழங்குவதற்கு இதுவே அடிப்படை. தோற்றவனுடைய சட்டத்தை வென்றவன் ஏற்றுக்கொண்டான். ஒல்லாந்தரின் வழிவந்த பறங்கியர் பலர் 19ஆம் நூற்றாண்டிலே புதுக்கடையில் பெயர்பெற்ற சட்டத்தரணிகளாய் விளங்கினர். சரணடைந்தவனுடைய பேரன் நீதிபதிமுன் நின்று பிறருக்காக வாதாடும் நிலைக்கு உயர்ந்தான். சரணடைதல் முறையாக நடைபெறுமாயின் அதன் விளைவு இவ்வாறிருக்கும்.

ஆனால் இக்காட்சியைக் கண்டு நாம் மயங்கிவிடலாகாது. தனிச்சொத்துக் காக்கப்படும் என்றது பத்திரம். அக்காலச் சட்டத்தில் அடிமை மனிதனும் சொத்தாகவே கருதப்பட்டான். கொம்பனித்தெருப் பகுதிக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்னும் பெயர் வந்தது ஒல்லாந்தர் அடிமைகளை அங்கே வைத்திருந்தமையால் என்பது பலரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறன்று. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையை 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சட்டமாக உறுதிப்படுத்தினர். அத்தொகுப்பில் அடிமைகள் பற்றிய பகுதியும் இருந்தது. நம்மவருள் நிலமுடையோர் தம் சக மனிதரை உடைமையாகக் கொண்டிருந்ததை மறைப்பதால் நமக்குப் பெருமை இல்லை. இந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயாம். கொடி மாறிய நாளில் அடிமையின் வாழ்வு மாறவில்லை. எசமானர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட உறுப்புரைகளில் அவனுக்கென்று ஓர் உறுப்புரை இருக்கவில்லை.

எழுத்தில் இடம்பெறாதவனுடைய கதி எவ்வளவு கொடியது என்பதை 1803ஆம் ஆண்டின் கண்டி நிகழ்ச்சி இன்னும் தெளிவாகக் காட்டும். அவ்வாண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டி நகரைப் பிடித்து, முன்னைய அரசன் இராஜாதி இராஜசிங்கனின் மைத்துனனாகிய முத்துசாமியை அரசனென அமர்த்தினர். சில மாதங்களில் ஆங்கிலப் படை காய்ச்சலால் நலிந்தது. ஜூன் 24ஆந் திகதி கண்டிப் படை சூழ்ந்தபோது மேஜர் டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குச் செல்ல வழிவிடப்படும் என்பது உடன்பாடு. மகாவலி கங்கைக் கரையை அடைந்தபோது ஆறு பெருக்கெடுத்திருந்தது. ஆற்றைக் கடக்க உதவி வேண்டுமாயின் முத்துசாமியைத் தருக என்றான் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். டேவி முதலில் மறுத்துப் பின் இணங்கினார். முத்துசாமி கொல்லப்பட்டான். ஜூன் 26ஆந் திகதி ஆயுதம் களையப்பட்ட ஆங்கிலப் படையினரும் கொல்லப்பட்டனர். நகரில் விட்டுவரப்பட்ட நோயாளிகளும் தப்பவில்லை.

சரணடைந்தோரைக் கொன்றது மாபெரும் கொடுமை. அதனைக் கண்டியரின் கொடுமை என்று ஆங்கில நூல்கள் பல காலம் பேசின. ஆயினும், தம்மை நம்பி வந்த முத்துசாமியைக் கைநீட்டிக் கொடுத்தவர் எவர்? தான் சரண் வேண்டி நின்ற வேளையில், தன்னிடம் சரண் புகுந்தவனை விலையாகக் கொடுத்தது ஒரு பேரரசின் படை. ஒரு சரணை மீறுபவன் எல்லாச் சரண்களையும் மலிவாக்கிவிடுகிறான் என்ற பாடம் மகாவலிக் கரையில் 3 நாட்களுக்குள் எழுதப்பட்டது.

இத்தகைய கொடுமைகள் உலகெங்கும் நிகழ்ந்தமையாலேயே நாடுகள் கூடிப் பொதுவிதிகள் வகுத்தன. 1899ஆம், 1907ஆம் ஆண்டுகளில் ஹேக் நகரில் ஏற்கப்பட்ட போர்விதிகள், ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த பகைவனைக் கொல்வதையும் காயப்படுத்துவதையும் தடுத்தன. சரணை ஏற்கமாட்டோம் என்று அறிவிப்பதையும் அவை தடுத்தன. பிடிபட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிப்போருக்கு விடையளிக்க ஓர் அலுவலகம் வேண்டுமென்றும் விதித்தன. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கினுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் ஆயுதம் துறந்தோர் மனிதத் தன்மையுடன் நடத்தப்பட வேண்டுமென்கிறது. இலங்கை 1959ஆம் ஆண்டில் இவற்றை ஏற்றுக்கொண்டது. எதிரி அரசின் படைவீரனா, கிளர்ச்சிக்காரனா, நல்லவனா, தீயவனா என்று இவ்விதி வினவுவதில்லை. அவன் குற்றவாளியாயின் விசாரிக்கலாம், தண்டிக்கலாம். இல்லாமற் செய்துவிடலாகாது.

அமைதிக்காலச் சட்டத்தைப் பார்ப்போம். நாளிதழ்களில் ‘சந்தேகநபர் சட்டத்தரணி ஊடாக நீதிமன்றத்தில் சரணடைந்தார்’ என்ற செய்தியை அடிக்கடி படிக்கின்றோம். வசதி படைத்தோர் பெரும்பாலும் இவ்வழியையே நாடுகின்றனர். காரணம் வெளிப்படை. நீதிமன்றத்தில் சரணடைபவனுக்கு வழக்கிலக்கம் உண்டு. பதிவேட்டில் பெயர் உண்டு. திறந்த மன்றில் நூறு கண்கள் உண்டு. பொலிசார் பிடித்தவனையும் 24 மணித்தியாலத்துள் நீதவான்முன் நிறுத்த வேண்டுமென்பது குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்தின் பொதுவிதி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி ஒருவரைப் பிடித்தாலும் 48 மணித்தியாலத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டுமென 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. இவை யாவும் சாரத்தில் ஒன்றே: கையேற்றவன் பற்றுச்சீட்டுத் தரவேண்டும்.

உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில் ‘டெப்பொசிட்டும்’ என ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒருவன் தன் பொருளைக் காத்து வைக்கும்படி இன்னொருவனிடம் ஒப்படைத்தால், கேட்கும்போது அவன் அதனைத் திருப்பித் தரவேண்டும். தரவியலாவிடின் தக்க காரணங் காட்டவேண்டும். ஒரு பெட்டிக்கும் பேழைக்கும் இத்துணை அக்கறை காட்டும் சட்டத்தை ஒரு சரணின் மூலமே நாம் பெற்றோம். அச்சட்டம் வழங்கும் நாட்டிலே, ஒப்படைக்கப்பட்ட மகன் எங்கேயென்று வினவும் தாய்க்கு விடையில்லையென்றால் அதனை என்னவென்பது?

அண்மை வரலாறு நமக்குத் தரும் சான்றுகள் கசப்பானவை. 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, மே 1 முதல் 4 வரை சரணடையுமாறு அரசாங்கம் அழைத்தது. சிங்களக் கிராமங்களின் ஏழை இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சரணடைந்தனர். ஆயினும் அக்கிளர்ச்சி அடக்கப்பட்ட வாரங்களில், படையினர் கையிற் சிக்கிய இளைஞர் பலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். தென்னிலங்கைத் தாய்மார் அப்போதே இக்கண்ணீரை அறிந்திருந்தனர்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சூழ்ந்துகொண்டனர். மேலிடத்துப் பணிப்பின்படி பொலிசார் ஆயுதங்களைக் கையளித்துச் சரணடைந்தனர். அவர்களுள் நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிசார் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். நம் பிள்ளைகளுக்கு நீதி கோரும் நாம் இதனை விழுங்கிவிட்டுப் பேசுவோமாயின், நம் கோரிக்கையின் வேரையே நாம் அறுத்தவராவோம். சரணடைந்தவனைக் கொன்ற கை எந்த மொழி பேசினாலும் அது குற்றம் புரிந்த கையே.

2009ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. மக்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து படையினரிடம் வந்தனர். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவரும் பதிவு செய்ய வேண்டுமென ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதாக வந்தோர் பலர் கூறுகின்றனர். மனைவியர் கணவரையும், தாய்மார் மக்களையும் தம் கையாலேயே ஒப்படைத்தனர். சிலர் குழந்தைகளோடு சென்றனர். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த அவசரகால ஒழுங்குவிதிகளில் ‘சரணடைந்தவர்’ என்றே ஒரு சட்டப்பிரிவு இருந்தது. சரணடைபவரிடம் எழுத்து மூலம் கூற்றுப் பெறவேண்டும். 10 நாட்களுள் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்திடம் கையளிக்க வேண்டும் என்று அவ்விதி கூறிற்று. எனவே எழுத்து இல்லாமற் போகவில்லை. புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டோர் 11,000க்கு மேற்பட்டவர் என்பது அரசின் கணக்கு. அக்கணக்கில் வராதவர் எங்கே என்பதே இன்றுவரை நிற்கும் வினா.

உறவினர் சிலர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தனர். 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து போராட்டந் தொடங்கினர். அது வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் பரவிற்று. இதற்கிடையில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் நிறுவப்பட்டது. 2022ஆம் ஆண்டில், குடும்பமொன்றுக்கு 1 இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை இணங்கிற்று. தாய்மார் பலர் அதனை ஏற்க மறுத்தனர். விலை கேட்டு வந்தவரல்லர் அவர்கள்; கணக்குக் கேட்டு வந்தவர்கள்.

இவ்வரலாற்றில் ஒரு சிறு கடிதம் நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. 2019ஆம் ஆண்டில், தகவலறியும் சட்டத்தின்படி ஊடகவியலாளர் ஒருவர் சரணடைந்தோர் எத்தனை பேரென்று வினவியபோது, அவர்கள் இராணுவத்திடம் சரணடையவில்லை, இலங்கை அரசாங்கத்திடமே சரணடைந்தனர் என்று இராணுவம் விடையளித்தது. எவ்வளவு நுட்பமான விடை! பாலத்தின் முனையில் நின்று பெயரெழுதியவர் எவர்? பேருந்தில் ஏற்றியவர் எவர்? இவ்வினாக்களுக்கு அவ்விடையில் இடமில்லை. ஆயினும் அந்த விடையை நாம் நன்றியுடன் ஏற்றுக்கொள்ளலாம். அரசாங்கத்திடம் சரணடைந்தார்களென்றால் அரசாங்கம் கையேற்றதென்று பொருள். கையேற்றதாயின் கணக்குக் காட்டும் கடமையும் அதனுடையதே. அரசு என்பது தனி ஒருவரன்று. கட்சிகள் மாறினாலும் அதன் கடன் மாறாது. 1796ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனியின் கடன்பத்திரத்துக்குப் பகைவனான ஆங்கிலேயனே பொறுப்பேற்றான் என்பதை மேலே கண்டோம். காகிதக் கடனுக்கு அன்று இருந்த மதிப்பு மனிதக் கடனுக்கு இன்று வேண்டாமா?

2022ஆம் ஆண்டு டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், மனுக்கள் சிலவற்றில், சரணடைந்தோரை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. கையேற்றவன் விடைகூற வேண்டுமென்ற பழைய அறம் சட்டத்தின் வாயால் ஒருமுறை உரத்துப் பேசிற்று.

அரசுகளின் கதை இவ்வாறிருக்க, மக்களின் கதை ஒன்றையும் கூறி முடிக்கின்றேன். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் என் தாயார் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வசித்தார். அந்த மாதம் 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலிலிருந்த தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். காவலில் உள்ளவனைக் காப்பது எவருடைய கடமையென்பது எழுத்தில் தெளிவாயிருந்தும் அது நடந்தது. அதே நாட்களில், எழுத்து ஏதுமின்றியே, பக்கத்து வீட்டுச் சிங்கள மூதாட்டி ஒருவர் என் தாயாரின் குடும்பத்தைத் தம் வீட்டின் பின்னறையில் இரண்டு இரவு மறைத்து வைத்திருந்தார். அகதி முகாமுக்குப் புறப்பட்டபோது, அம்மம்மா தம் நகைகளையும் காணி உறுதியையும் ஒரு சேலைத் துண்டில் முடிந்து அவரிடம் கொடுத்தார். மூதாட்டியோ அம்முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணி, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தாராம்.

“உங்களை நம்பாமலா? எழுத்து என்னத்துக்கு?” என்று அம்மம்மா கேட்டிருக்கிறார்.

“எனக்கு வயதாகிவிட்டது. நான் செத்துப்போனால் என் பிள்ளைகள் கணக்குக் காட்ட வேண்டுமே” என்பது அந்த மூதாட்டியின் விடை.

மூன்று மாதத்தின் பின் யாவும் குறைவின்றித் திரும்பி வந்தன. அந்தத் தாள் இன்றும் என் தாயாரின் அலுமாரியில் இருக்கிறது. ஹேக் விதிகளை அந்த மூதாட்டி படித்தவரல்லர். தாம் இறந்த பின்னும் பொறுப்பு இறவாது என்பதை அவர் அறிந்திருந்தார். அரசியல் அறிஞர் பலருக்குப் புலப்படாத இவ்வுண்மை, உழைத்து வாழும் எளிய மக்களுக்கு இயல்பாகவே புலப்படுகிறது. இந்நாட்டின் இரு மொழி மக்களும் இந்த இடத்திலேதான் ஒருவரையொருவர் காணவேண்டும். 1971ஆம் ஆண்டின் தாயும், 1990ஆம் ஆண்டின் பொலிஸ்காரன் மனைவியும், 2009ஆம் ஆண்டின் தாயும் ஒரே வினாவையே வெவ்வேறு மொழியிற் கேட்கின்றனர்.

அடுத்த வாரம் அந்த வகுப்புக்கு மீண்டும் சென்றேன். இந்நாட்டில் நிகழ்ந்த சரணடைதல்களை ஓர் அட்டவணையாக்கும்படி கூறினேன். சரணடைந்தவர், கையேற்றவர், திகதி, நிபந்தனை, பின்பு நடந்தது என ஐந்து நிரல்கள். பிள்ளைகள் ஆர்வத்துடன் எழுதினர். 1656, 1796, 1803 எல்லாம் நிறைந்தன. அந்த மாணவி கடைசியில் 2009 என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். ஐந்தாவது நிரலை அவள் வெறுமையாக விட்டுவிடுவாள் என்று எண்ணினேன். அவளோ ‘கேட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுதியிருந்தாள்.

நான் அதனைத் திருத்தவில்லை. சரியென்று அடையாளமிட்டுக் கொடுத்தேன்.